ஒரே பேர்ல ரெண்டு

— இந்த சாப்ட்வேரும் வோணாமா? இன்னும் இன்ஸ்டாலே முடியல, அதுக்குள்ள வோணாம்னா இன்னாமே அர்த்தம்?

— வோணாம்னா வோணாம். மாசா மாசம் டப்பு கேக்குது. ஒரு மாசம் கட்டலன்னா நான் எடுத்த போட்டோவ என்னையே தொட வுடாது.

— நேத்து பாத்தது ஒரே தபா வாங்கறது. அதையும் வோணாம்னே.

— அதுல கலர் நல்லால்ல. கல்யாணப் பொண்ண மஞ்சத் தண்ணில முக்கி எடுத்த மாறி காட்டுது.

— முந்தாநேத்து ஓசில கெடைக்கறது ஒன்னு பாத்தோமே...

— அதுல எந்த பட்டன் எதுக்குன்னு கத்துக்கறதுக்குள்ள, எங்கிட்ட ஆர்டர் குடுத்த திவ்யா கல்யாண ஆல்பம் போயி, அவ புள்ளைக்கி காதுகுத்து ஆல்பம் வந்துடும்.

— அந்த ஆன்லைன்ல ஏத்தி வெக்கறது?

— நம்ம ஊரு நெட்டுக்கா? ரெண்டு தூறல் போட்டா டவரு படுத்துக்குது.

— என்னக் கட்டிக்கறப்பகூட நீ இத்தினி நொட்ட சொல்லல சங்கவி. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே ஓகே சொல்லிட்டே.

— அந்த மாறி அவசரப்படக் கூடாதுன்னுதான் இப்ப பாத்துகினு கீறேன்.

— சிரிப்பு வர்ல. ஷிப்ட் முடிச்சி மறைமலைநகர்லேர்ந்து கம்பெனி பஸ்ல நின்னுகினே வந்து கீறேன். இன்னும் சட்டகூட மாத்தல.

— யாரு மாத்த வோணாம்னது? நீதான் வெள்ளிக்கெழம நைனா தெவசம், படம் வோணும் படம் வோணும்னு குதிச்சிகினு கீறே.

— நானா குதிக்கறேன்? எங்கம்மா. டீ குடுக்கறப்ப கேக்குது, பாய் போடறப்ப கேக்குது. ஆதார் கார்டுல கீற மூஞ்சிய பெருசாக்கி மாட்னா அந்தப் பக்கமே வர மாட்டேன்றுது. போலீஸு தேடற ஆளு மாறி கீறாராம்.

— அது இன்னாவோ நெசந்தான்.

— பிரேம் கடை பன்னீர்செல்வம் அண்ணாத்த, இன்னிக்கி ஆறு மணிக்குள்ள படம் வந்தாத்தான்னு சொல்லிட்டாரு. இப்ப சொல்லு. மூஞ்ச வெச்சித் தேடற சாப்ட்வேர வாங்கலாமா, வோணாமா?

— அதத்தான் ட்ரையல் போட்டு பாத்தியே. இன்னாத்த கண்டுபுடிச்சிது?

— கண்டுபுடிச்சிதே...

— இன்னாத்த? மாமல்லபுரத்துல பாறைல செதுக்கி வெச்ச கல்லு சிலைங்களுக்கெல்லாம் ‘இவர் யார், பெயர் சேர்க்கவும்’னு கேட்டுகினு கெடந்துச்சி.

— அது கல்லுன்னு அதுக்கு இன்னா தெரியும்?

— கருங்குழி கல்யாணத்துல அந்தப் பொண்ண மேக்கப்புக்கு முன்னாடி ஒரு ஆளு, அப்பால வேற ஆளுன்னு பிரிச்சி வெச்சிது.

— அது கரெக்டாத்தான் பிரிச்சிது.

— எதுர் வூட்டு திருஷ்டி பொம்மைய உங்க சித்தப்பா கூட சேத்து வெச்சிது!

— அதுவும்... சரி வுடு. கம்ப்யூட்டர சொல்றியே, நீ இன்னா அடுக்கி வெச்சிகீறே? ‘அப்பால பாக்கலாம்’னு ஒரு போல்டரு. அதுக்குள்ள ‘கண்டிப்பா அப்பால’ன்னு இன்னொன்னு. கல்யாணம், கடலு, கருவாடு எல்லாம் ஒன்னா கெடக்குது. அதுல நைனாவ எங்கன்னு தேடுவேன்?

— தேடினாலும் கெடைக்க மாட்டாரு. மாமா என்னிக்கி கேமராவுக்கு மூஞ்சி காட்னாரு? நான் கேமராவ தூக்கினா போதும், லுங்கிய மடிச்சிக் கட்டிகினு கடலப் பாத்து திரும்பிக்குவாரு. முதுக வெச்சி எந்த சாப்ட்வேர் பேரு சொல்லும்?

— ஆனா அம்மா ஒரு படம் கீதுன்னு சொல்லுதே.

— எந்தப் படம்?

— நெம்மேலி கடக்கரைல, போட்டு கரை ஏறின அன்னிக்கி. ‘நானும் அவரும் பக்கத்துல பக்கத்துல நின்னோம், சங்கவி எடுத்துச்சி, அன்னிக்கி ஒரு நாள்தான் அவரு திரும்பி நின்னு சிரிச்சாரு’ன்னு சத்தியம் பண்ணுது.

— அத்தைக்கு வயசாவுது. எதையாவது எதோடயாவது சேத்து சொல்லும்.

— எங்கம்மாவா? என்னிக்கோ மீன் ஏலத்துல ஒருத்தன் ஏமாத்துனத இன்னிக்கும் அவன் போட்டுகினு இருந்த சட்ட கலரோட சொல்லும்.

— சரி, கீதுன்னே வெச்சிக்க. அப்ப ரா பைல தெறக்கற சாப்ட்வேர்தான் வோணும். எது எப்டி போனாலும் அது மட்டும் இருந்தா போதும் எனக்கு.

— தோ, ஆரம்பிச்சிட்டே. ரா, ரா, ரா. எதுக்குமே ரா? ஜேபெக் போதாதா? ரெண்டுலயும் அதே படந்தானே?

— அதே படமா! கேமரா பாத்தது பாத்தபடி அப்டியே இருக்கறது ரா. நான் கலர் போட்டு, வெட்டி, தேச்சி, ஊருக்குக் காட்றது ஜேபெக். இத்தினி வருசம் என் கூட குடும்பம் நடத்திகினு, இதுகூட தெரியல?

— நான் பிரேக் பார்ட்ஸ் செக் பண்றவன்மே.

— பழைய சாப்ட்வேர் நல்லா தெறந்துகினு இருந்துச்சி. கம்ப்யூட்டர் அப்டேட் ஆனதும் அது மண்டையப் போட்டுச்சி. இல்லன்னா உன் கிட்ட எதுக்கு மல்லுக்கட்டிகினு கீறேன்?

— நான் சொல்றத கேளு. ஜேபெக்க மட்டும் ஒழுங்கா அடுக்கி வெக்கற சாப்ட்வேர் போதும். லேசா இருக்கும். இப்ப கம்ப்யூட்டர் எவ்ளோ ஜோரா ஓடுது பாரு. அதப் போயி பேஜாரு பண்ணிகினு...

— ஆமா, ஜோராத்தான் ஓடுது. அன்னிக்கி இன்னா பண்ணே அத? டிஸ்க்கு நெறஞ்சி மூச்சு முட்டிகினு கெடந்துச்சே.

— குப்பைய தள்ளினேன். நீகூட சந்தோசமாயி வஞ்சிரம் வறுத்துப் போட்டியே.

— இன்னா குப்ப?

— குப்பைக்கி இன்னா பேரா வெப்பாங்க? பழைய சினிமா, கேமு... வுடுமே.

— என் படமெல்லாம் ஏத்தி வெச்ச அந்தப் பெரிய டிஸ்க்கு எங்க?

— பீரோல கீது. சாவி அம்மா கிட்ட கீது.

— நான் கேக்கறப்பல்லாம் சாவி அத்த கிட்டயே கீது. அத்தைய கேட்டா உன் கிட்டன்றாங்க.

— நீ பேச்ச மாத்தாத. மூஞ்சி தேடற சாப்ட்வேர்னாலே நீ எதுக்கு அலர்றே?

— ரான்னாலே நீ எதுக்கு நெளியறே?

— நான் எங்க நெளிஞ்சேன்?

— நாக்காலி கிறீச் கிறீச்சுன்னுது.

— நாக்காலி பழசு!

— ஏண்டா ஹேமந்து... அங்க இன்னாடா சத்தம்? உங்க நைனா படம் கெடச்சிச்சா?

— தேடிகினு கீறோம்மா! நீ வாசல்லயே குந்து!

— அவ பிரைஸு வாங்கின படம் கீது பாரு, அது கூட எடுத்ததுதாண்டா. அதே எடம், அதே பொழுது. என் பக்கத்துலதான் நின்னாரு.

— சரிம்மா, சரிம்மா! ...கேட்டியா சங்கவி? பிரைஸு படம். கூடத்துல மாட்டி கீறோமே, அலைல எங்கம்மா கூடைய வெச்சிகினு ஒத்தையில நிக்கறது. அதுக்கு முன்னாடி எடுத்தது, பின்னாடி எடுத்தது, ரெண்டையும் காட்டு. கத முடிஞ்சிச்சி.

— முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல.

— இன்னா இல்ல?

— அன்னிக்கி ஒரே கிளிக்குதான். அப்பால எப்பவும் போல திரும்பிகினாரு.

— யாரு திரும்பிகினாரு?

— வுடு, நேரமாவுது.

— சங்கவி. யாரு?

— கத்தாதே. அத்த காதுல வுழும்.

— அந்தப் படத்துல எங்கம்மா மட்டுந்தானே கீது?

— இப்ப மட்டுந்தான்.

— இன்னா சொல்றே நீ?

— பக்கத்துலயே நின்னாரு. அத்த தோள் மேல கைய போட்டுகினு, பல்லு அத்தினியும் தெரிய சிரிச்சிகினு. ஒத்தையில நின்னாத்தான் படம் நிக்கும்னு எனக்கு தோணிச்சி. பிரஷ்ஷ வெச்சி தேச்சேன். அவரு நின்ன எடத்துல அல வந்துடுச்சி.

— எங்க நைனாவ... நீ அழிச்சிட்டே.

— அப்ப உசுரோடதானேய்யா இருந்தாரு! வாசல்ல வல பின்னிகினு குந்தினு இருந்தாரு. இன்னொரு நாளு நிக்க வெச்சி எடுத்துக்கலாம்னு நெனச்சேன். அந்த நாளு வராதுன்னு நான் கண்டனா?

— அம்மா கேட்டப்ப இன்னா சொன்னே?

— அது வேற படம் அத்த, கம்ப்யூட்டர்ல எங்கியோ கீதுன்னு சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து அந்தக் கூடத்த தாண்டறப்பல்லாம் தல குனிஞ்சிகினுதான் போறேன். படத்துல இருக்கறத தூக்கக் கூடாதுன்னு, பிரைஸு குடுத்த அந்த செங்கல்பட்டு போட்டோ கிளப்புல ரூல்ஸு வேற. தெரிஞ்சா பிரைஸையும் புடுங்கிக்குவாங்க. புடுங்கிக்கட்டும். அத்த கண்ணப் பாத்து பேச முடியல, அதான் தாங்கல.

— சங்கவி...

— திட்டு. நல்லா திட்டு. ஆனா மொதல்ல பீரோவ தெற. அதுக்குத்தான்யா ரா ரான்னு அடிச்சிகினு கீறேன். நான் தேச்சது ஜேபெக்ல மட்டுந்தான். ராவுல யாரு இன்னா தேச்சாலும் ஒட்டாது. அதுல மாமா எடுத்தபடி அப்டியே நிக்கறாரு. இன்னாய்யா? குதிப்பேன்னு பாத்தா பேயறஞ்ச மாறி நிக்கறே? மாசா மாசம் டப்பு கேட்டாலும் பரவால்ல, உனக்குப் புடிச்சதையே போடு. ராவ தெறந்தா சரி. பன்னீர்செல்வம் அண்ணன் கடைய மூடறதுக்குள்ள போயிடலாம்.

— கொஞ்சம் இரு சங்கவி...

— இன்னாத்த இர்றது? அத்த! ஏ அத்த! மாமா படம் கெடச்சிடுச்சி! எழுந்து வாங்க!

— கெடச்சிடுச்சா? தோ வரேன், கண்ணாடிய எடுத்துகினு வரேன்... சிரிக்கறாராடி?

— சிரிக்கறாரு அத்த! உங்க தோள் மேல கை போட்டுகினு கீறாரு!

— அம்மாவ கூப்புடாதமே... கூப்புடாத. குப்பைய தள்ளினேன்னேனே... கம்ப்யூட்டர்லயும் அந்தப் பெரிய டிஸ்க்குலயும் ஒரே பேர்ல ரெண்டு ரெண்டா இருந்துச்சி சங்கவி. ஒன்னு சின்னது, தொட்டா தெறந்துச்சி. ஒன்னு பெருசு, இன்னா பண்ணாலும் தெறக்கல. ரெண்டும் ஒரே படந்தானேன்னு தெறக்காதத எல்லாம் அழிச்சிட்டேன். அதான் நீ சொல்ற ரான்னு அப்பாலதான் தெரிஞ்சிது. செங்கல்பட்டுல கட கடையா ஏறி எறங்கிட்டேன், திரும்ப வராதுன்னுட்டாங்க. ஜேபெக்ல எங்கியாவது இருப்பாருன்னுதான் தேடிகினு கீறேன்... தெறக்காததுலதான் நைனா நிக்கறாருன்னு எனக்கு இன்னாமே தெரியும்?