இடது மட்கார்டு

“கார்டுல எங்கப்பா பேரையும் போடுங்க சார்.”

ஸ்ரீகண்டன் சாரிடம் நான் கேட்டது இவ்வளவுதான். இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மூன்று வருடமாக அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டேன். நீங்கள் கன்னடத்தில் விசாரித்தீர்கள், இன்ஸ்பெக்டர் சார். நான் தமிழில் எழுதித் தருகிறேன். யாரையாவது வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

பெயர் யசோதா. வயது இருபத்து மூன்று. ஜோகுபாளையம். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், பி.காம். அப்பா பழனிச்சாமி டிங்கர்; நசுங்கின வண்டியைத் தட்டி நிமிர்த்துகிறவர். ஜீவனஹள்ளியில் ஸ்ரீகண்டன் சாரின் ஷெட்டில் அப்பா பழைய கார்களுக்குத் தகடு தட்டினார். நான் அதே ஷெட்டில், அதே கார்களுக்கு டைப்ரைட்டரில் காகிதம் தட்டினேன்.

ஓட்டை வண்டிக்கு இவ்வளவு விலையா என்று நேற்று சிரித்தீர்கள். ஓட்டுவதற்காக யாரும் அதை வாங்குவதில்லை. அந்த 1937 இங்கிலாந்து வண்டியின் உடம்பை மெஷின் அழுத்திச் செய்யவில்லை. யாரோ ஒருவன் மணல் மூட்டைமேல் தகட்டை வைத்து, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்திருக்கிறான். அவன் கை எங்கே தயங்கியது, எங்கே துணிந்தது என்பது வளைவில் தெரியும். பக்கத்தில் ஒரு டியூப்லைட்டைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் ஒரே கோடாக ஹெட்லைட்டிலிருந்து பின்சக்கரம் வரை ஓடும். கோடு நெளிந்தால் அது வண்டி. நெளியாமல் தண்ணீர் மாதிரிப் போனால் சிலை. சிலைக்கு யாரும் மைலேஜ் கேட்பதில்லை.

இடது மட்கார்டில் அந்தக் கோடு நெளியவே இல்லை. விலை மதிக்க ஏலக் கம்பெனியிலிருந்து வந்த தியோடர் அதன் முன்னால் முட்டி போட்டுவிட்டார். “இந்தக் கை இப்போது உலகத்தில் கிடையாது” என்று இங்கிலீஷில் சொன்னார். அந்தக் கை அப்போது அவருக்குப் பின்னால் டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது.

குடகிலிருந்து வண்டி வந்தபோது இடது பக்கம் துரு மட்டும்தான் இருந்தது. அப்பா பதினோரு மாதம் தட்டினார். முடிந்ததும் உள்பக்கம், சக்கரம் மறைக்கிற இடத்தில், பன்ச் என்கிற கூர் உளியால் மூன்று புள்ளி வைத்தார். அவருடைய அடையாளம். வேலைக்காரன் வைக்கிற கையெழுத்து, வேறென்ன.

ஆனால் நான் டைப் அடித்த ஃபைலில், ‘உடம்பு முழுவதும் 1937இல் செய்தது, வேறு கை படவில்லை’ என்று இருக்கிறது. சார் சொன்னார், அடித்தேன். ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னார். கீழே பி.காம். என்று போட்டுக்கொண்டேன். அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வண்டியின் முன்னால் வைக்கிற விவர அட்டை அச்சுக்குப் போகிற அன்று அந்தக் கேள்வியைக் கேட்டேன். சார் கத்தவில்லை. அவர் ஒருநாளும் கத்தமாட்டார். எனக்குப் பயமே அதுதான்.

“பழனிச்சாமி பேரப் போட்டா அது ஆர்ட் இல்லம்மா. ரிப்பேர்.”

“அந்த ஏலக் கம்பெனி ஆளு தடவித் தடவிப் பாத்தது எங்கப்பா செஞ்சதத்தானே சார்? வேணும்னா உள்ள கைய விட்டுப் பாருங்க. மூணு புள்ளி இருக்கு.”

“ஓ. புள்ளி வேற வெச்சிருக்கானா?” ஃபைலை என் பக்கம் மெல்லத் திருப்பினார். “இதுல கையெழுத்து யாருது, நோடு, நல்லா பாரு. உங்க வீட்ல காலேஜுக்குப் போன மொத ஆளு நீ. ஜெயிலுக்கும் நீயே மொதல்ல போயிடாதம்மா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்றிலிருந்து என் நாக்கில் ஈரம் இல்லை. பஸ்ஸில் காக்கிச் சட்டை ஏறினால் நான் இறங்கிவிடுவேன்.

புதன்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுப் புள்ளிகளை அழிக்கச் சொன்னார். திங்கட்கிழமை தியோடர் மறுபடி வந்து கண்ணாடி பிடித்து அடிப்பக்கம் பார்ப்பாராம். நான் வாயைத் திறந்திருக்காவிட்டால் சாருக்குப் புள்ளி தெரிந்தே இருக்காது. அப்பா அரத்தை எடுத்துக்கொண்டு மல்லாந்து படுத்து, பதினோரு மாத வேலையின் கையெழுத்தைப் பத்து நிமிஷத்தில் அராவி எடுத்தார். பொடி அவர் இமையில் விழுந்தது. “வுடு பாப்பா, எனக்குத் தெரியும்ல,” என்றார். பிறகு அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பெயின்ட் பூசினார்.

ஷெட்டில் இரண்டு விதி உண்டு. இன்ஜின் ஓடினால் புகை போக ஷட்டர் மேலே இருக்க வேண்டும்; அடைபட்ட புகை ஆளைக் கொன்றுவிடும். பெயின்ட் ஈரமாக இருந்தால் தூசி ஒட்டாமல் ஷட்டர் கீழே இருக்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் என் பொறுப்பு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு சார் வழக்கம்போல் வண்டிக்குள் உட்கார்ந்து இன்ஜினை ஓடவிட்டார். கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பார். அந்த நேரத்தில் வேறு யாரும் உள்ளே இருக்கக்கூடாது. கரண்ட் இல்லை, புகை இழுக்கிற ஃபேன் நின்றிருந்தது.

பெயின்ட் ஈரமாக இருந்தது. அதனால் ஷட்டரை இறக்கினேன். இறக்கினால் பூட்டுவது பழக்கம், பூட்டினேன். அவருடைய கைத்தடி வெளியே என் மேஜையில் சாய்ந்திருந்தது. அது இல்லாமல் அவரால் நாலு அடி வைக்க முடியாது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

செய்ததெல்லாம் அப்பாவின் மூன்று புள்ளிக்காக. ஃபைலிலிருந்து என் கையெழுத்து இருந்த தாளை மட்டும் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அது தனி விஷயம்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. தகட்டில் விழுகிற அடியைக் கேட்டுத்தான் நான் தூங்கி வளர்ந்தேன். எந்த அடியில் பலம் இருக்கிறது, எதில் இல்லை என்று எனக்குத் தெரியும். சாவியின் பல் உள்ளங்கையில் பதிகிற மாதிரி இறுக்கிப் பிடித்திருந்தேன். திறந்தால் அவர் கத்தாமல் என்ன சொல்வார் என்ற பயம் மட்டும்தான் இருந்தது.

கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தேன். நடக்கும்போது விரலைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. காலையில் வந்ததும் முதல் வேலையாக மட்கார்டுக்குள் கைவிட்டு, பெயின்ட்டைத் தொட்டுப் பார்த்திருந்தேன். மூன்று நாளில் நன்றாகக் காய்ந்திருந்தது.