நான் பாத்து எடுத்த எஞ்சின்

ஹலோ… ஹலோ, அய்யூப் அண்ணே? … ஆமா ஆமா, நாந்தான். ஷீலா. லூனாஸ் ஷீலா… கேக்குதா? … லோரி சத்தம்ணே, ஹைவேல நிக்கிறேன். இருங்க, கொஞ்சம் தள்ளி வந்துக்கறேன்…

இப்ப கேக்குதா? … ஆ. குருண் கிட்ட, ரெஸ்ட் ஏரியாவுல… இல்ல இல்ல, ஆக்சிடெண்ட் எல்லாம் இல்ல. அம்மாவ அலோர் ஸ்டார் கூட்டிட்டுப் போறேன், கண் டாக்டர்கிட்ட… கார்லதான் இருக்காங்க. ஏர்கோன் போட்டு உக்கார வச்சிருக்கேன். பொனெட்ட தொறந்து வச்சிட்டு இந்தப் பக்கம் மரத்தடிக்கு வந்துட்டேன், அவங்களுக்குக் கேக்காது.

அண்ணே, உங்களுக்கு வேலை இருக்கும், பெங்கெல்ல ரிப்பேருக்கு காரு நிக்கும், தெரியும். ஒரே ஒரு கேள்விதான்… சொல்றேன் லா. என் கார்ல இப்ப இருக்கிறது நான் பாத்து எடுத்த எஞ்சினா?

… 'என்னம்மா இப்படிக் கேக்கற'ன்னா? கேட்டதுக்கு பதில் சொல்லுங்க.

… சரி, அப்ப நான் சொல்றேன், நீங்க கேளுங்க. குருண் ஏத்தம் இருக்குல்ல? மூணாவது கியர் போட்டு மிதிக்கிறேன். சத்தம் வருது, காரு வரல. கோழி ஏத்திட்டுப் போற லோரி என்ன ஓவர்டேக் பண்ணிட்டுப் போறாண்ணே. கோழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாக்குது… சிரிக்காதீங்க. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

… ஆமா, 'எஞ்சின் பழகணும்'னு சொன்னீங்க. நானும் பழகட்டும்னு பொறுத்தேன். அப்பறம் பெட்ரோல மாத்துன்னீங்க, மாத்தினேன். பிளக்க மாத்துன்னீங்க, மாத்தினேன். குத்தம் என் காலுலதான் போல, எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலன்னு நெனச்சேன். உங்க மேல சந்தேகமே வரல… இருங்க, நான் முடிச்சிக்கறேன்.

அந்தப் பழைய எஞ்சின் கடையில, நீங்க கடைக்காரரோட பேசிட்டு நின்னப்போ, நான் எஞ்சின் பின்பக்கம் ஒரு பொட்டு வச்சேன். நகப் பாலிஷ். ரோஸ் கலர்… ஆமா, நகப் பாலிஷ்தான். கைப்பையில அதுதான் இருந்துச்சு. கடைக்காரன் மாத்தி அனுப்பிடுவானோன்னு பயந்து வச்சேண்ணே. உங்கள நெனச்சு வைக்கல.

இப்ப டார்ச் அடிச்சுப் பாத்தேன். பொட்டு இல்ல.

… எண்ணெய்ல அழிஞ்சிருக்குமா? அதுக்குன்னு இருக்கிற மருந்து போட்டாத்தான் அது போகும். நீங்க போட்டீங்களா? …

அண்ணே?

… பேச்ச மாத்தாதீங்க. ஆமாவா, இல்லையா?

… ம். அப்ப நான் நெனச்சது சரிதான்.

எவ்ளோ நேரம் நின்னோம் அந்தக் கடையில, ஞாபகம் இருக்கா? சுங்கைப் பட்டாணி வெயில்ல, ஜப்பான்லேருந்து பாதிபாதியா வெட்டி வந்த காரெல்லாம் குமிச்சுக் கெடந்துச்சு. என் தம்பி யோகா 'டர்போ எடு, டர்போ எடு'ன்னு குதிச்சான். உங்களுக்கும் அதுலதான் ஆச. நாந்தான் வேணாம்னேன். நான் லூனாஸ்லேருந்து குருணுக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றவ. ரோட்டு ஜேம்ல நிக்கணும், மழையில போகணும். டர்போ சூடாகும், இந்தப் பழைய வீரா காரோட கியர்பாக்ஸ் தாங்காது, பிரேக்கும் பத்தாது. ரோட்டுல ஓட்டற காருக்கு மிதிச்ச ஒடனே வர்ற பலம் போதும், மேல எங்கயோ காத்திருந்து குபீர்னு வர்ற பலம் வேணாம்னேன். நீங்க சிரிச்சீங்க. 'மெக்கானிக் நீயா நானா?'ன்னு கேட்டீங்க.

… ஆமா ஆமா, நல்லா ஞாபகம் இருக்குல்ல? அப்ப அதுவும் ஞாபகம் இருக்கும். ஒரே மாதிரி ரெண்டு எஞ்சின் இருந்துச்சு. ஒண்ணு களைச்சுப் போனது. இன்னொண்ணு யாரோ ஜப்பான்காரன் ஆச ஆசையா செஞ்சு வச்சது. கேம்ஷாஃப்ட் மாத்தி, பிஸ்டன் மாத்தி… கம்ப்ரெஷன் மீட்டர் வச்சுப் பாத்தப்போ எல்லா சிலிண்டர்லயும் ஒண்ணுபோலக் காட்டிச்சு, நீங்களே வாயப் பொளந்தீங்க. அதத்தானே எடுத்தோம்? அந்தக் களைச்சத யாரு கேட்டா?

… மன்னிப்பெல்லாம் அப்பறம். என்னோடது எங்க? … வித்துட்டீங்களா? … விக்கலயா? பின்ன எங்க போச்சு, நடந்தா போச்சு?

… யாரு கார்ல? …

யோகா கார்லயா?

… இருங்க. எங்க யோகேந்திரனா? என் தம்பியா? … ஆமா, அவனோடதும் வீராதான், எனக்குத் தெரியாதா… ரெண்டையும் ஒரே வாரத்துல செஞ்சீங்களா? … எஞ்சின் மாத்தின பேப்பர் வேலையெல்லாம் நானே பாத்துக்கறேன், நீ லீவு போடாதன்னு சொன்னீங்களே, இதுக்குத்தானா?

… அவன் கேட்டானா? … இல்லையா? … பின்ன யாரு? … சத்தமா சொல்லுங்க, லோரி போகுது…

…

அம்மாவா?

… எங்கம்மாவா?

… உங்க பெங்கெலுக்கே வந்தாங்களா? கோலா கெத்திலுக்கா? பஸ் ஏறியா? … அண்ணே, முட்டி வலிக்குதுன்னு கோயிலுக்குக்கூட நான் கையப் பிடிச்சுத்தான் கார்ல ஏத்தி விடணும். அவங்க பஸ் மாறி மாறி வந்தாங்களா? …

என்ன சொன்னாங்க? … சுத்தாதீங்க, சொன்னத அப்படியே சொல்லுங்க. … ம். … ம். … ஆமா, நாம எஞ்சின் பாத்துட்டு வந்த அப்பறம் அவன் ரூம விட்டு வெளியவே வரல. கல்யாணப் பத்திரிகை அடிச்ச அப்பறம் பொண்ணு வேணாம்னு போய்ட்டா யாரா இருந்தாலும்… எனக்குத் தெரியும்ணே, நீங்க எனக்குச் சொல்லாதீங்க. சாப்பாட்டுத் தட்ட அவன் கதவுக்கிட்ட கொண்டு போய் வச்சதே நாந்தான். … ம். … 'காரப் பத்திப் பேசினா மட்டும் கண்ணத் தொறக்கறான்.' சரி. … அதுக்கு?

… என்னது? திருப்பிச் சொல்லுங்க.

'ஷீலா தாங்கிக்குவா.'

… அப்படியேவா சொன்னாங்க? … 'ஷீலா தாங்கிக்குவா, பையன் தாங்க மாட்டான்.'

…

இல்ல, இருக்கேன். லைன்லதான் இருக்கேன்… அழல லா. லோரி புகை.

… கேட்டிருந்தா குடுத்திருப்பேனான்னு என்னக் கேக்கறீங்களா? தெரியலண்ணே. குடுத்திருந்தாலும் குடுத்திருப்பேன். அது என் கையில இருக்கவேண்டியது. குடுக்கறதயும் சேத்து என்கிட்டேருந்து எடுத்துக்கிட்டீங்க, ரெண்டு பேருமா.

அம்மா பெத்தவங்க. அவங்க ஒரு கண்ணுக்கு வெண்ணெய் வைப்பாங்க, அதெல்லாம் நான் சின்னப் புள்ளையிலேருந்து பாத்துட்டேன். நீங்க? மத்த பெங்கெல்ல நான் ஒண்ணு கேட்டா, பக்கத்துல நிக்கிற என் தம்பியப் பாத்துத்தான் பதில் சொல்லுவாங்க. நீங்க ஒருத்தர்தான் என் மூஞ்சியப் பாத்துப் பேசினீங்க. அதுக்காகத்தானே லூனாஸ்ல இத்தன பெங்கெல் இருந்தும் அவ்ளோ தூரம் வந்தேன்? … 'வயசான பொம்பள வந்து அழுதாங்க'ன்னா, அழட்டும். குடிக்க ஒரு கொப்பி வாங்கிக் குடுத்துட்டு எனக்கு போன் போட்டிருக்கலாம்ல? … 'பயந்துட்டேன்'னா? என்னப் பாத்தா பயம்? ஏமாத்தறதுக்குப் பயம் இல்ல, சொல்றதுக்குப் பயமா?

… சரி, விடுங்க. அவனுக்குத் தெரியுமா? … என்ன சொல்லி வச்சீங்க அவன்கிட்ட? …

நானா? நான் குடுத்தேன்னா? … ஐயோ அண்ணே.

… அதான்! அதான் அன்னிக்கு நான் சமைச்சிட்டிருந்தப்போ குசினிக்கு வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அக்கா, நீ இல்லன்னா நான் இல்லக்கா'ன்னு சொன்னான். சோறு வச்சதுக்குச் சொல்றான்னு நெனச்சேன்! 'போடா, அக்கா எதுக்கு இருக்கேன்'னு சொல்லி அனுப்பினேண்ணே…

… இப்ப அங்கதான் இருக்கானா? … உங்ககிட்ட வேலைக்குச் சேந்த நாள்லேருந்து நேரத்துக்கு எந்திரிக்கிறான், ஆமா, நானும் பாக்கறேன்… இல்ல, வேணாம், இப்ப குடுக்காதீங்க. நான் கொஞ்சம் யோசிச்சு… அண்ணே, குடுக்காதீங்கன்னு சொல்றேன்ல, அண்…

… ஆ… யோகா.

… ம், அக்காதான். … சாப்டேன்டா. … அம்மா நல்லா இருக்காங்க, கார்ல இருக்காங்க. … ஒண்ணும் இல்ல, காரு கொஞ்சம் இழுக்கல, அதான் அண்ணன்கிட்ட கேட்டேன். … ம். … உன் காரா? … அப்படியா. … பாலிங் ரோட்டு ஏத்தத்துலயா? …

எப்படி இருக்கு, சொல்லு. … இல்ல, சொல்லு, எனக்குக் கேக்கணும். … ம். … மிதிச்ச ஒடனே வருதா? … கியர் எறக்கவே வேணாமா? … சத்தம்? … ம்… ஆமா. அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.

… இல்ல, நான் அழலடா. ஏன் எல்லாரும் இதையே கேக்கறீங்க?

… போதும் போதும், நன்றியெல்லாம் சொல்லாத. யோகா, நிறுத்து. அக்கா சொல்றதக் கேளு. உக்காந்திருக்கியா, நின்னுட்டிருக்கியா? … அங்க அய்யூப் அண்ணன் பக்கத்துல நிக்கிறாரா? … மூஞ்சி எப்படி இருக்கு? … ஆங். இப்ப புரியும் ஏன்னு.

அந்த எஞ்சின நான் உனக்குக் குடுக்கலடா.

… வெளையாடல. அது என் காருக்கு நான் எடுத்தது. அந்தக் கடையில நீயும் பக்கத்துல நின்ன, பாத்தல்ல? … ஆமா, உன்கிட்ட அப்படித்தான் சொல்லியிருக்காங்க. அக்கா மனசு மாறிட்டா, உனக்குக் குடுக்கச் சொன்னான்னு. நான் சொல்லல. எனக்கு இப்பத்தான், இந்த மரத்தடியிலதான் தெரியும். … அம்மா. … ஆமா, நம்ம அம்மாதான். அண்ணனும் சேந்து. என் கார்ல அந்தக் களைச்சுப் போனத வச்சு விட்டுட்டாங்க.

… யோகா, போன வச்சிராத.

… சொல்லாம விட்டிருக்கலாம்டா. இப்ப நீ பேசினத கேட்டப்போகூட, சரி, இருக்கட்டும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இத்தன மாசம் கழிச்சு உன் குரல் இப்பத்தான் பழைய குரலா இருக்கு. ஆனா நான் அப்படிச் சொன்னா, அவங்க சொன்னதுதான் சரின்னு ஆயிரும். ஷீலா தாங்கிக்குவா. எனக்கு இன்னிக்குத் தாங்க முடியலடா. அதையும் யாராச்சும் தெரிஞ்சுக்கணும்ல?

… என்ன? … இன்னிக்கேவா? … கழட்டிடறியா? …

டேய், இரு. இவ்ளோ சீக்கிரம் நீ சரின்னு சொல்லிட்டா, நான் யாருகிட்டடா கோவப்படறது? கொஞ்சம் சண்டையாவது போடு… இல்ல, நீ அழாத. நீ அழுதா எனக்கு ஆகாது. உன் மேல தப்பு இல்ல. நீ எந்திரிச்சு வந்தது நெசம், அதுல எனக்குச் சந்தோஷந்தான். எஞ்சின் என்னோடது, அவ்ளோதான்.

கேளு. இன்னிக்கு வேணாம். சனிக்கெழம நான் காரக் கொண்டு வர்றேன். ரெண்டு காரையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தி, நான் நின்னு பாக்கப் பாக்க மாத்தணும். அண்ணன் சும்மா நிக்கட்டும், நீ கழட்டு. … ஆமா, நீதான். … அப்பறம் உன் காருக்கு நாம ரெண்டு பேரும் போய்ப் பாக்கலாம். ஒனக்குப் பிடிச்சதா எடு… டர்போவா? ஒத வாங்குவ. … ம், சிரி.

… சொல்லு. … அம்மாகிட்டயா? நான் எப்படிடா கேப்பேன்? நான் கேட்டா அவங்க அழுவாங்க. அவங்க அழுதா நான் 'சரிம்மா, பரவால்லம்மா'ன்னு சொல்லிருவேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் முடியுது. …

இரு, காரு கதவு தொறக்குது… எறங்கிட்டாங்க. இங்கதான் வர்றாங்க… நல்லாத்தான் நடக்கறாங்கடா, முட்டியாம் முட்டி… என்னம்மா? … இல்லம்மா, எஞ்சின் சூடாகல. … ஒண்ணும் இல்ல, வெயில்ல ஏன் வர்றீங்க? … போன்ல யோகாம்மா.

… என்னடா? … நீ கேக்கறியா? நெசமாவா? … ஒனக்குக் கேக்க முடியுமா? … சரி. கத்தாத. கேளு, அவ்ளோதான். அவங்க என்ன சொல்றாங்கன்னு நானும் இங்கயே நின்னு கேக்கறேன், நகர மாட்டேன்.

அம்மா, இந்தாங்க. … யோகா பேசணுமாம். … என்கிட்ட இல்லம்மா, உங்ககிட்டத்தான். … பிடிங்க. காதுல வைங்க. … ஏன் என்னயே பாக்கறீங்க? பேசுங்க. … அது இல்லம்மா, அந்தச் செவப்புப் பட்டன அழுத்தாதீங்க, அவன் லைன்ல இருக்கான், அழுத்தாதீங்கம்மா, அம்—