நொர்வேஜியனில் வராத கோபம்

ரொம்மன் நிலையத்தில் ரயில் ஏறிய இரண்டு தமிழர்கள் எனக்கு முன்னால் இருந்தார்கள். நகரசபைக்குக் கட்சி தன் ஆளைத் தெரிவு செய்வதற்கு முன் நடக்கும் விவாதத்துக்குப் போகிறார்கள். கோட் போட்டவர் வேட்பாளர்; ஒரு ரீச்சரும் ஒரு வக்கீலும் அவரோடு போட்டியிடுகிறார்கள். கூட வந்தவர் கூட்டாளி.

"ரீச்சர் வெல்லுவா. வக்கீல் சிரிச்சே சமாளிப்பான். நீ தோப்பாய், மச்சான்."

"ஏன்?"

"உனக்கு நொர்வேஜியனிலை கோபம் வராது. ஆரும் குறுக்கை கதைச்சால் மன்னிப்புக் கேட்டிட்டு இருந்திடுவாய்."

"பக்கவாதம் வந்ததோடை என்ரை மனுசிக்கு நொர்வேஜியன் மறந்துபோச்சு. முதியோர் இல்லத்திலை தமிழிலை தண்ணி கேக்கிறாள். ஒருத்தருக்கும் விளங்கேல்லை. அதைச் சொல்லத்தானே தேர்தலிலை நிக்கிறன்."

"சொல்லேக்கை அழுவாய். கை தட்டுவினம். வாக்கை ரீச்சருக்குப் போடுவினம்."

உண்மைதான். அந்தக் கைதட்டலை நானும் கேட்டிருக்கிறேன். செருப்பால் அடித்த மாதிரி இருக்கும்.

கோட்காரர் பேச்சுத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"அப்ப நான் ஒண்டும் விளங்கப்படுத்தமாட்டன். மேடையிலை ஏறி 'தண்ணி தாங்கோ' எண்டு தமிழிலை கேக்கிறன்."

"முழிப்பாங்கள்."

"முழிக்கட்டும். திரும்பவும் கேப்பன்."

"நேரம் முடிஞ்சுது எண்டு இறக்கிவிடுவாங்கள், மச்சான்."

"ஓம். இல்லத்திலை அவளையும் அப்பிடித்தான் விட்டிட்டுப் போறவை."