கான்டர்பரிக்குக் கொண்டுபோன தேங்காய்

— உந்த மதிலைப் பாரும், பிறேமினி. முதன்முதல் ரோமர் கட்டினது. ஆயிரத்தெழுநூறு வருசத்துக்கு மேலை...

— முதல் வந்த அண்டைக்கும் இதிலை நிண்டு இதைத்தான் சொன்னனீங்கள்.

— சரித்திரம் மாறுமே? பையைத் தாரும். ஸ்டேஷனிலையிருந்து ஒரு பக்கம் சரிஞ்சு நடக்கிறீர்.

— வேண்டாம், நானே கொண்டு வாறன்.

— தாரும் எண்டுறன். ரெண்டு சான்விச்சுக்கு இவ்வளவு பாரமோ? உதென்ன உள்ளுக்கை உருளுது? பிறேமினி! தேங்காய்!

— கத்தாதேங்கோ. சனம் பாக்குது.

— முப்பதாவது கலியாண நாளெண்டு மகள் மேனுஷா ரெயின் டிக்கெட் எடுத்துத் தந்து, பழைய இடத்தைப் பாத்திட்டு வாங்கோ எண்டு அனுப்புறாள். நீர் தேங்காயோடை வெளிக்கிட்டிருக்கிறீர்!

— குடுமியோடை எடுக்க லூயிஷாமிலை நாலு கடை ஏறி இறங்கினனான். அந்தா, அந்தப் பெரிய கோபுரம் தெரியுதெல்லே? அந்தச் சாமிக்கு. அண்டைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீங்களெல்லே, அப்ப உள்ளுக்கை நிண்டு நேர்த்தி வைச்சனான்.

— இங்கிலீசுக்காரன்ரை தேவாலயத்திலை தேங்காய் நேர்த்தியோ? உமக்கென்ன விசரே?

— ஏன், ஊரிலை மடு மாதாவுக்கு எங்கடை சைவச் சனம் நேர்த்தி வைக்கிறேல்லையே? நான் லண்டன் வந்து மூண்டு கிழமை. கோயில் பெரிசாத் தெரிஞ்சுது, கும்பிட்டன்.

— அப்ப மெழுகுதிரி எண்டு சொல்லியிருக்கலாமே!

— பிள்ளையாரைக் கும்பிட்ட வாய், தேங்காய் எண்டு வந்திட்டுது. சொன்னது சொன்னதுதான்.

— நான் சொல்லுறதைக் கேளும். நாளைக்கு எங்கடை சிவன் கோயில்லை உடைப்பம்.

— இவருக்கு வைச்சதை அவருக்குக் குடுக்கிறதோ? ரெண்டு பேரும் கோவிப்பினம்.

— உள்ளுக்கை விடமாட்டாங்களப்பா! நான் கவுன்சிலிலை இருவத்தொரு வருசம் ஹெல்த் அன்ட் சேஃப்டி பாத்த மனிசன். தேங்காய்த் தண்ணியிலை ஒரு வெள்ளைக்காரக் கிழவி சறுக்கி விழுந்தால் ஆர் பொறுப்பு?

— வெளியிலை நிண்டு உடைப்பம். ஆனால் உடைக்காமல் நான் ரெயின் ஏற மாட்டன். நேர்த்தியைச் செய்யாமல் விட்டால், குடுத்ததைத் திருப்பி எடுத்துப்போடுவர். எடுத்துப்போட்டாரெண்டால் நான் என்ன செய்வன்? எனக்குப் பயமாக் கிடக்கப்பா.

— இஞ்சை, ரோட்டிலை நிண்டு அழாதையும். சரி. மதிலுக்குப் பக்கத்திலை அந்தப் பூங்காவுக்கை போவம். உதிலை ஒரு கல்லுக் கிடக்கு, ஆக்களில்லை. கெதியா வாரும்.

— அது கல்லில்லை. செத்த ஆரோ ஒராளின்ரை பேர் எழுதியிருக்கு.

— ஐயோ! அப்ப அங்காலை, அந்தப் படிக்கட்டு.

— கோபுரத்தைப் பாத்து நில்லுங்கோ. சப்பாத்தைக் கழட்டுங்கோ.

— இந்தக் குளிருக்கையோ?

— சப்பாத்தோடை ஆரும் தேங்காய் உடைப்பினமே? கழட்டுங்கோ.

— கழட்டிட்டன். சொக்ஸும் நனைஞ்சு போச்சு. கொண்டாரும் தேங்காயை.

— பொறுங்கோ, பொறுங்கோ. நாயோடை ஒரு மனிசி வாறா.

— குட் மோர்னிங், மேடம்! லவ்லி டே! போயிட்டா. ஆனால் திரும்பித் திரும்பிப் பாக்கிறா.

— சப்பாத்தில்லாமல் தேங்காயோடை நிக்கிற ஆளைப் பாராமல் என்ன செய்வா? உடையுங்கோ!

— முருகா!

— சரிபாதி! பாருங்கோ, என்ன வடிவா உடைஞ்சிருக்கு. அப்பாடா, இனி எனக்குப் பயமில்லை.

— ஓடெல்லாம் பொறுக்கும். குப்பை போட்டதெண்டு பிடிச்சால் மானம் போயிடும். இனிச் சொல்லும், என்ன கேட்டு வைச்சனீர்? என்ரை விசாக் கேஸ்தானே?

— இல்லை.

— பிள்ளை வேணுமெண்டோ?

— அதுகும் இல்லை. சொன்னால் கோவிக்கக் கூடாது.

— இந்த வயசிலை என்ன கோவம்? சொல்லும்.

— போட்டோவைப் பாத்து ஓமெண்ட கலியாணம். வந்து பாத்தால் எனக்கு உங்களைத் கொஞ்சமும் பிடிக்கேல்லை. சுவரைக் கண்டாலும் விளக்கம், குழாயைக் கண்டாலும் விளக்கம். இந்த மனிசனோடை காலம் முழுக்க எப்பிடி இருக்கிறதெண்டு உள்ளுக்கை நிண்டு அழுதனான். ‘சாமி, ஸ்ரீதரன் எண்ட இந்த மனிசனிலை எனக்கு ஒரு விருப்பத்தைக் குடு, வந்து தேங்காய் உடைக்கிறன்’ எண்டு கேட்டன்.

— என்ரை பேரும் சொல்லியோ?

— சொல்லாமல்? வேறை ஆரிலையும் வந்திட்டால்?

— எனக்குக் கண் கலங்குதடியப்பா. உண்மையாச் சொல்லுறன். ஆனால் ஒண்டு, நீர் செய்தது பெரிய பிழை. கேட்டது கிடைச்ச கையோடை வந்து உடைச்சிருக்க வேணும். முப்பது வருசம் சாமியைக் காக்க வைச்சிட்டீரே!

— நான் எங்கை காக்க வைச்சனான்? போன மாசம்தானே கிடைச்சது.