கடுகுமணிக் காப்பு

கடுகளவு மணியைக் கோக்க ஊசி உதவாது, போதகர் ஐயா. ஊசி நுழைந்தால் மணி உடைந்துவிடும். குதிரைவால் மயிர்தான் வேண்டும். அதன் நுனியை மெழுகில் தொட்டு, தட்டில் பரப்பிய மணிகளின் மேல் மெல்ல வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும். பதினோரு வரிசை பின்னினால் ஒரு கைக்காப்பு. பெரிய வித்தை ஒன்றுமில்லை. நல்ல கண் வேண்டும், அவ்வளவுதான்.

நீங்கள் மயிலாடிச் சபைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் அம்மாவும் அப்பாவும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனபோது என் தங்கை கிளாராவுக்கு நான்கு வயது, எனக்குப் பதினான்கு. அவளுக்குச் சோறு ஊட்டியதும் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததும் நான். என்னைப் பெண் கேட்டு இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். கிளாராவையும் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்றேன். அதன்பின் அவர்கள் வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. மிஷன் துரைசானியிடம் மணிவேலை கற்று வந்து அவளுக்கும் கற்றுக்கொடுத்தேன். ஒரே மாதத்தில் என்னை மிஞ்சிவிட்டாள். வீட்டில் கிழக்குச் சன்னலடியில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். பகல் போவதே தெரியாது.

ஐந்து வருடத்துக்கு முன், இருபத்தொன்பதாம் வருடம், இஸ்ரவேல் அவளைப் பெண் கேட்டு வந்தான். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நல்லவன். அதை நான் மறுக்கவே மாட்டேன். கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று. ஆவணியில் கல்யாணம், அடுத்த வாரமே தூத்துக்குடியில் கப்பல்.

கல்யாணத்தன்று போடுவதற்குக் கிளாரா தனக்கென்று ஒரு காப்பு பின்னத் தொடங்கினாள். வெள்ளைத் தரையில் பச்சைக் கொடி, இரண்டு இலைக்கு ஒரு சிவப்புப் பூ. அத்தனை மெல்லிய வேலையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கையில் வைத்தால் எடை தெரியாது. பின்னிக்கொண்டே பேசுவாள்.

"அக்கா, அங்க மத்தியானத்திலயும் மஞ்சு மூடுமாம்."

"அப்பிடியா?"

"அவருக்குத் தங்க ஒத்த முறிதான் குடுத்திருக்காவ. இல்லேண்ணா உன்னையும் கூட்டிட்டுப் போவேன். வருசத்துக்கு ஒருக்க வந்து பாக்கேன், என்னா?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. வருசத்துக்கு ஒருக்க என்றாள். அன்று பொழுது சாயும்வரை நான் வெள்ளை மணிகளிலிருந்து பச்சை மணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்றோடு ஊரில் கண்ணோய் வந்தது. எனக்கு வந்து போயிற்று. பிறகு கிளாராவுக்கு வந்தது. கம்பவுண்டர் ஒரு நீலக் குப்பியில் சொட்டு மருந்து கொடுத்தார். நாலாம் நாள் அவள் கண் தெளிந்துவிட்டதைப் பார்த்தேன். இன்னும் கொஞ்சநாள் சிவந்திருந்தால் கப்பல் தவறுமே என்று எண்ணினேன். அவ்வளவுதான் எண்ணினேன். குளத்தங்கரையில் எருக்கஞ்செடி நிற்பது உங்களுக்கே தெரியும்.

அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். இமையை விரலால் விரித்துப் பிடித்தேன்.

"எரியுது அக்கா."

"மருந்துண்ணா எரியத்தான் செய்யும் மக்கா. அசையாத."

அவள் அசையவில்லை. சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பாள். இரண்டு கண்ணுக்கும், மூன்று நாள். மூன்றாம் நாள் கருவிழியில் வெள்ளை படர்ந்திருந்தது. அப்போது நிறுத்திவிட்டேன். நோய் முற்றிவிட்டது என்றார் கம்பவுண்டர். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

இஸ்ரவேல் கோயில் முற்றத்தில் என்னைப் பார்த்து அழுதான். "கண்ணு தெரியலேண்ணா என்ன? நான் கொண்டுபோறேன்" என்றான். அவளுக்கு இஷ்டமில்லை, உன்னைப் பார்த்தால் இன்னும் உடைந்துபோவாள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, அவன் வேண்டாம் என்றுவிட்டதாகக் கிளாராவிடம் சொன்னேன்.

"அவருக்க மேல குத்தமில்ல அக்கா" என்றாள்.

பாதியில் நின்ற காப்பை அவளே முடித்தாள். நான் நிறம் பார்த்து எடுத்துக் கொடுக்க, அவள் விரலால் தடவி வரிசை எண்ணிப் பின்னினாள். சிவப்பு மணி தீர்ந்துபோயிருந்தது. மஞ்சளைக் கொடுத்து, சிவப்பு என்றேன். "செவப்பு எடுப்பா இருக்கா?" என்று கேட்டாள். இருக்கு என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் ஒருநாள்கூடப் பிரிந்திருந்ததில்லை.

போன பங்குனியில் துரைசானி வற்புறுத்தியதால் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். வலது கண்ணில் ஒரு ஓரம் வெள்ளை படாமல் இருக்கிறது, அங்கே ஆப்பரேஷன் செய்தால் ஆள்முகம் தெரியுமளவு பார்வை வரும் என்றார். நான் வெளியே வந்தேன். பெஞ்சில் இருந்தவள் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் செய்ய முடியாதாம் மக்கா."

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"சாரமில்ல அக்கா. நீ அழாத."

நான் அழவில்லை.

திங்கட்கிழமை அவளை நீங்களே அதே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவதாக நேற்றுச் சொன்னீர்கள். அந்த டாக்டர் என்னிடம் சொன்னதை மறந்திருக்கமாட்டார். அதனால்தான் வந்தேன். எருக்கம்பாலை அவள் கண்ணில் விட்டவள் நான். இஸ்ரவேலைத் திருப்பி அனுப்பியவளும், டாக்டர் சொன்னதை மறைத்தவளும் நான்தான். போலீசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள், ஐயா. அவளிடம் மட்டும் வேண்டாம். தாங்கமாட்டாள். இந்த உலகத்தில் அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?