இடிக்கும் முன் அடைக்க வேண்டிய கதவு

சமையலறையில் கிழக்கே பார்த்து ஒரு ஜன்னல் வேண்டும் என்று ஆசைப்படுவது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. ஆர்.எஸ்.புரத்தில் எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், சமையலறைக்கு ஏதோ ஒரு பக்கம் வெளிச்சம் வரும். எங்கள் வீட்டில் மட்டும் பட்டப்பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். இப்போது பாருங்கள், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எவ்வளவு வெயில். கண் கூசினால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் மேடம்.

உங்களை வரச் சொன்னது பஷீர் விஷயமாக. போத்தனூர்க்காரர், இந்த வீட்டு வேலையை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவரை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். என் கணவரின் அண்ணன் காளிச்சாமி மாடியிலிருந்து விழுந்து இறந்ததற்கு பஷீரின் அலட்சியம்தான் காரணம் என்று என் நாத்தனார் ரங்கம்மாள் புகார் கொடுத்திருக்கிறார். இடிக்கிற வேலையை முறை தவறிச் செய்துவிட்டாராம். இந்த வீட்டில் எதை முதலில் இடிப்பது, எதை அடுத்துக் கட்டுவது என்று திட்டம் போட்டவள் நான். என்னைக் கேட்காமல் ஒரு செங்கல்கூட நகரவில்லை. நல்ல பெயரோ கெட்ட பெயரோ, அது எனக்குத்தான் வர வேண்டும். அதோடு ஹால் பாதியில் கிடக்கிறது. பஷீர் வெளியே வந்தால்தான் வேலை முடியும்.

மூத்தவர் காளிச்சாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தங்கமான மனுஷர். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை முழுக்கப் போனபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நான் அவரிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. வேண்டுமானால் யாரிடமும் கேட்டுப் பாருங்கள்.

நான் இந்த வீட்டுக்கு வந்தபோதே சோபாவின் கால்களைத் தரையோடு சேர்த்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். என் மாமனார் செய்த ஏற்பாடு. சாப்பாட்டு மேஜை, பெஞ்சு, செருப்பு வைக்கிற ஸ்டாண்டு எல்லாம் அப்படித்தான். மூத்தவர் கைக்கும் காலுக்கும் வீடு மனப்பாடம். எதுவும் ஒரு விரற்கடை நகரக் கூடாது. புதுப் பெண்ணாக வந்தவள் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக்கொள்ள நினைத்தேன். என் கணவர் சென்னியப்பன் சிரித்துக்கொண்டே, "அது அண்ணனுக்குத் தெரிஞ்ச ஊடு அம்மணி, ஒண்ணையும் நகத்திப்போடாதே" என்றார். இந்த ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் சோபா எந்தப் பக்கம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றிப் போடுவார்கள், புண்ணியவதிகள்.

என் மகள் லோகப்பிரியா ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடப் பையை ஹாலில் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடினாள். மூத்தவர் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. என் கணவர் குழந்தையை அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவளை அவர் அடித்ததில்லை. மூத்தவர் வலியோடு எழுந்து வந்து குறுக்கே நின்று, "கொழந்தைய அடிக்காதீங்கப்பா, பாக்காம நடந்தது நானு" என்றார். எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. அன்றிலிருந்து என் மகள் வீட்டுக்குள் சுவரோரமாகவே நடந்து பழகினாள். கல்யாணமாகிப் போன பிறகும் அப்படித்தான் நடக்கிறாள், நான் பார்த்திருக்கிறேன்.

அவர் எதையும் கேட்டதில்லை. இதை வைக்காதே, அதை நகர்த்தாதே என்று ஒருநாள் வாய் திறந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். கேட்காத மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. செத்துப்போனார் என்பதற்காக அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வருஷம் மழையில் சமையலறைச் சுவர் ஊறி விரிசல் விட்டது. பஷீர் வந்து பார்த்துவிட்டு, பூசி மூடினால் நிற்காது, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றார். அதைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. சுவரை இடித்தால் ஜன்னல் வரும். ஜன்னல் வந்தால் மேடை மாறும். ஹாலை அடைத்துக்கொண்டு நின்ற தேக்குப் படிக்கட்டை எடுத்துவிட்டுப் பின்பக்கம் வெளியே புதுப்படி வைக்கலாம். கண் தெரியாதவர் தூசியிலும் சத்தத்திலும் எப்படி இருப்பார்? சத்தியமங்கலத்தில் ரங்கம்மாள் வீட்டுக்குப் போவார். போனவர் திரும்பி வரும்போது இது அவருக்குத் தெரியாத வீடாக இருக்கும். அக்கா வீட்டிலேயே பழகிப் போய்விடுவார். இதுதான் நான் போட்ட திட்டம். இதில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள்.

அவர் போகவில்லை. "நீங்க சொல்லிக்குடுங்க அம்மணி, நான் படிச்சுக்கறேன். நம்ம ஊட்டுல படுத்தாத்தான் எனக்குத் தூக்கம்" என்றார்.

அதனால் அறை அறையாக இடித்தோம். ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததில் கை வைத்தோம். தினமும் சாயங்காலம் ஆட்கள் போனதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய், இன்றைக்கு எது போனது, எது வந்தது என்று தொட்டுத் தொட்டுக் காட்டினேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சிறுபிள்ளை மாதிரி சந்தோஷமாகக் கற்றுக்கொண்டார். புதுச் சமையலறையில் எந்த இழுப்பறையில் கரண்டி, எதில் துணி என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார்கள். வீட்டை மாற்றியவளை ஒருவரும் பேசவில்லை.

பிறகு அவர் என் ஜன்னலைக் கண்டுபிடித்தார். ஒருநாள் காலையில் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வெயில் வருதுங்களே அம்மணி" என்றார். மறுநாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்து காபி குடித்தார். அதற்கடுத்த நாளும் குடித்தார். நான் அடுப்படியில் நின்றேன், வெயில் அவர் மடியில் விழுந்தது. அந்த வாரமே என் கணவர் ட்ரில் மெஷினை எடுத்து வந்து, ஸ்டூலின் கால்களை என் புதுத் தரையோடு சேர்த்து முடுக்கினார். "அண்ணன் தடுக்கிப்போடக் கூடாதல்ல" என்றார். புது டைல்ஸில் ஓட்டை விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதோ, உங்கள் காலுக்குப் பக்கத்தில் அந்த ஓட்டைகள் தெரிகின்றன பாருங்கள்.

அன்றைக்குத் திட்டத்தில் இரண்டு வேலைகளை முன்னே பின்னே மாற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான்.

மாடியில் மூத்தவரின் அறையை விட்டு வெளியே வந்தால் ஒரு கதவு. கதவைத் தாண்டியதும் பழைய படி இறங்கும். முதலில் அந்தக் கதவு வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட வேண்டும், பிறகுதான் படிக்கட்டைப் பிரிக்க வேண்டும் என்று பஷீர் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பின்பக்கத்துப் புதுப்படியும் தயாராக இருந்தது. நான் பஷீரைக் கூப்பிட்டு, சனிக்கிழமை படியைப் பிரித்துவிடுங்கள், கதவைத் திங்கட்கிழமை அடைக்கலாம் என்றேன்.

"அதெப்படிங்கக்கா? இடிக்கறதுக்கு முன்னால அடைக்கோணுமுங்க. கதவு அந்தரத்துல நிக்குமுங்க. பெரியவரு இருக்கற ஊடு" என்றார்.

பெரியவரும் என் கணவரும் சத்தியமங்கலத்தில் ரங்கம்மாள் பேத்தியின் சீருக்குப் போகிறார்கள், திங்கட்கிழமைதான் வருவதாகப் பேச்சு என்று சொன்னேன். அப்படித்தான் பேசியிருந்தார்கள். பஷீர் அரைமனதாகப் பிரித்தார். அப்படியும் மனசு கேட்காமல் அந்தக் கதவில் ஒரு பூட்டைப் போட்டுச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பூட்டினாயா, சாவி எங்கே என்று நீங்கள் அவரைப் போட்டு வறுத்தெடுத்தீர்களே, அவர் சொன்னது உண்மை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டுப் பெண்பிள்ளை அழுதுகொண்டிருக்கிறாள், அவளை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிட்டீர்கள்.

சனிக்கிழமை மத்தியானம் மூத்தவருக்குப் போன் செய்தேன். உங்கள் அறையில் இப்போது தூசி இல்லை, வர வேண்டும் என்றால் வரலாம் என்றேன். வா என்று நான் கூப்பிடவில்லை. அவருக்கு அடுத்த வீட்டுச் சோறு இரண்டு வேளைக்கு மேல் இறங்காது என்பது எனக்குத் தெரியும். ரங்கம்மாளின் டிரைவர் சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். என் கணவர் சீர் முடித்து வருவதாக அங்கேயே தங்கிவிட்டார். ஹாலில் இப்போது கால் வைக்க முடியாதுங்க என்று சொல்லி, கையைப் பிடித்துப் பின்படி வழியாக மேலே கூட்டிப்போனேன். ஹாலில் உண்மையாகவே கால் வைக்க முடியாது, நீங்களே பார்த்தீர்கள்.

"பஷீரு எப்பங்க வாராரு?" என்று கேட்டார்.

"திங்கக்கெழமைங்க மாமா."

"அப்பப் படிக்கட்டு வேலை அன்னிக்குத்தானுங்க?"

"கதவடைக்கற வேலை அன்னிக்குத்தானுங்க."

சரி என்று தலையாட்டினார். அன்றைக்கு மட்டும் தொட்டுக் காட்டக் கூட்டிப் போகவில்லை. அவரும் அலுப்பாக இருந்தார், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

வீட்டு வேலை ஆரம்பித்ததிலிருந்து அவர் எங்கே போனாலும் காலால் துழாவித்தான் அடுத்த அடி வைப்பார். அந்தப் பழைய படிக்கட்டில் மட்டும் துழாவ மாட்டார். தூசிக்காக அந்தக் கதவைச் சாத்தி வைப்போம். காலையில் அவர் மேலே இருந்து கேட்பார், கதவு திறந்திருக்கிறதா என்று. நான் கீழே இருந்து பதில் சொல்வேன். என் குரல் கேட்டால் போதும், கையை வீசிக்கொண்டு முதல் படியில் காலை வைத்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததும் எழுந்தேன். முதல் வேலையாக ஜன்னலோரத்து ஸ்டூலின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஸ்டூலைக் கொல்லையில் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு பின்படியில் ஏறிப் போய் பூட்டைத் திறந்து, கதவை நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு இறங்கி வந்தேன். காபிக்குப் பால் வைத்தேன். ஒரு டம்ளருக்கு மட்டும் வைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என் கணவர் இனிமேல் என் முகத்தில் விழிக்க மாட்டார். லோகப்பிரியா என்ன செய்வாள் என்று தெரியவில்லை. என்னை எங்கே கூட்டிப் போனாலும் வருகிறேன். ஆனால் பஷீரை விடும்போது, அந்த ஓட்டைகளை வெள்ளை சிமெண்ட் வைத்து அடைக்கச் சொல்லுங்கள். இந்த வீட்டை நான் கெடுத்ததாக யாராவது பேசினால், இப்படி வந்து ஜன்னலோரம் நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

மாடியில் அவர் அறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பால் பொங்குகிற நேரம், அடுப்பை அணைத்துவிட்டு ஹால் பக்கம் வந்து நின்றேன். கீழே உடைத்த தரையும் கம்பியும் கல்லுமாகக் கிடந்தது. மேலே வாசலில் அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"அம்மணி, கதவு தொறந்திருக்குதுங்களா?"

"தொறந்துதான் இருக்குதுங்க மாமா. வாங்க."

அவரிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை என்று முதலிலேயே சொன்னேன். அன்றைக்கும் சொல்லவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.