கொட்டாவிக்குக் காத்திருப்பவள்

“கொட்டாவி விட்டுச்சுன்னா வலி கொறஞ்சிடுச்சுன்னு அர்த்தம்.”

கதிர்காமம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுப் பெண் இதைச் சொன்னதும், நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றிவிட்டேன். அவள் சுடிதாரெல்லாம் பழுப்பு முடி ஒட்டியிருந்தது.

“யாரு, உங்க வீட்டுக்காரரா?” என்றாள் பக்கத்திலிருந்த தோழி.

“குதிரைடி. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் கையை லேசா ஓட்டுவேன். வலிக்கிற எடம் வந்தா கண்ணை சிமிட்டும். அங்கயே கையை வெச்சிக்கினு நிப்பேன். அழுத்தவே மாட்டேன். கொஞ்ச நேரத்துல கொட்டாவி விடும்.”

“அந்த செவப்புக் குதிரை எப்படி இருக்கு?”

“பெங்களூருக்கு வித்துட்டாங்க. வாங்கினவங்க நேத்து வீடியோ அனுப்பினாங்க. பாரு.”

“நல்லாத்தானே நடக்குது?”

“இடது பின்னங்காலை எட்டி வைக்கல பாரு. இடுப்புல புடிச்சிருக்கு.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னேன். அங்கயும் புடிச்சு விட ஆளு இருக்காராம். நல்லா அழுத்தி விடறாராம்.”

அவள் வீடியோவை நிறுத்தி, போனை மடியில் வைத்தாள். திரையில் குதிரையின் இடுப்பு தெரிந்த இடத்தில் உள்ளங்கையைப் பட்டும் படாமலும் வைத்துக்கொண்டாள். அப்புறம் கையை எடுக்கவே இல்லை.

கதிர்காமம் வந்ததும் தோழி எழுந்தாள்.

“வாடி, எறங்கணும்.”

“இரு. இன்னும் கொட்டாவி விடல.”